விளக்கெண்ணெய் குடிக்கும் விமானம்

கம்பியில் பறக்கும் சாகச விமானத்துக்கு இன்ஜின் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எதற்கு வேகம் அதிகம்?" என்றுதான். டீயைக் குடியுங்கள், சொல்கிறேன். கண்ட்ரோல் லைன் ஸ்டன்ட் விமானம் ஏறத்தாழ 60 அடி கம்பியின் முனையில் நம்மைச் சுற்றி வருவது. குட்டிக்கரணத்துக்கு மேலே ஏறும்போதும் கீழே பாயும்போதும் வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். கம்பி தொய்ந்தால் விமானம் நம் பிடியில் இல்லை. ஆகவே தேவை நிதானம்.

இதற்குப் பேர்போனது, அமெரிக்காவில் டியூக் ஃபாக்ஸ் 1940களின் இறுதியில் கொண்டுவந்த ஃபாக்ஸ் 35. அளவு 0.35 கன அங்குலம், சுமார் 5.7 சிசி. எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்து வைத்தால், மட்டமாகப் பறக்கையில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். மூக்கு மேலே தூக்கியதும் கலவை மெலிந்து ஒவ்வொரு சுற்றிலும் எரிந்து தள்ளும். பிறகு தானே தணியும். பணம் போட்டு வாங்க முடியாத குணம், பழைய மலிவு இன்ஜினில் இருக்கிறது!

பழையதை வாங்கும்போது தண்டு சுற்றவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். சூடு காட்டினால் இளகும். பால் பேரிங் இல்லாத புஷ் இன்ஜின் என்றால் இன்னும் நல்லது. துருப்பிடிக்கப் பேரிங்கே கிடையாதே. ஓ.எஸ். 46 எல்.ஏ. அப்படிப்பட்டதுதான்.

எரிபொருளில்தான் சிக்கனம் எங்கே செய்வது என்று தெரிய வேண்டும். மெத்தனால், எண்ணெய், நைட்ரோமீத்தேன் மூன்றும் சேர்ந்த கலவை அது. விலையைக் கூட்டுவது நைட்ரோ. 5 முதல் 10 சதவீதம் போதும். எண்ணெயில் மட்டும் கை வைக்காதீர்கள். ஃபாக்ஸ் 35-இன் பிஸ்டன் வார்ப்பிரும்பு, ஸ்லீவ் எஃகு. அதற்கு 25 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் வேண்டும், அதுவும் ஆமணக்கெண்ணெயாக. செயற்கை எண்ணெய் கைவிடும் சூட்டிலும் அது படலமாக ஒட்டி நிற்கும். ரேடியோ விமானங்களுக்கு விற்கும் குறைந்த எண்ணெய்க் கலவையை இதில் ஊற்றினால் இன்ஜின் தேய்ந்துபோகும். பைக்குக்குப் போடும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் கூடாது, மெத்தனாலோடு கலக்காது. வீட்டில் காய்ச்சிய விளக்கெண்ணெயில் ஈரமும் கசடும் இருக்கும், சுத்திகரித்ததே வேண்டும்.

நாமே கலந்தால் மலிவுதானே என்பீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் அப்படிச் செய்வதுண்டு. தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து உயிர்களைக் குடித்தது இதே பொருள்தான். வெயிலில் எரிந்தால் சுடர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. கலந்து விற்பதையே வாங்குங்கள். டப்பாவை இறுக மூடி வையுங்கள். காற்றின் ஈரத்தை மெத்தனால் உறிஞ்சிக்கொள்ளும். பறந்து முடித்ததும் டேங்கில் மிச்சம் வைக்காமல் ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.