பசியில் தாயைப் பறிகொடுத்தவர், ஆயிரம் பேருக்குத் தாயானார்!

மும்பையில் இருந்து ஊருக்குப் புறப்படும் தமிழர்களுக்கு அந்த ரெயில் பாதை மனப்பாடம். கல்யாண், கர்ஜத், லோணாவளா, புனே. புனேயில் வண்டி நின்றதும் டீயும் வடா பாவும் வாங்கிக்கொண்டு இடத்தில் வந்து உட்கார்ந்தால், அடுத்து தவுண்டு ஜங்ஷன். அதற்குப் பிறகு சோலாப்பூர்.

புனேக்கும் தவுண்டுக்கும் நடுவே கேட்காவ் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வருகிறது. தொலைதூர வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஸ்டேஷன் பின்னால் போய்விடும்.

அந்த வண்டியில் கல்யாணத்துக்குப் போகிறவர்களும் இருப்பார்கள்; கருமாதிக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். தகப்பனார் இறந்த செய்தி கேட்டு, நாலு நாள் லீவைக் கெஞ்சி வாங்கி, ரிசர்வேஷன் இல்லாமல் ஏறி, கதவோரம் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார் ஒருவர். வேலை போய்விட்டதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார் இன்னொருவர்.

அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்ல, கேட்காவ் ஒரு கதை வைத்திருக்கிறது. பண்டித ரமாபாய் என்ற பெண்மணியின் கதை அது. அதன் முதல் துக்கம் நடந்தது அன்றைய சென்னை மாகாணத்தில்!

பிரம்புப் பெட்டியில் பயணம்

இன்று கர்நாடகத்தில் உள்ள கங்காமூலா மலைக்காட்டில், 1858-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி பிறந்தவர் ரமாபாய். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று ஊர் சொன்ன காலத்தில், மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்றுக்கொடுத்தவர். அதற்கு எழுந்த எதிர்ப்பினால்தான் காட்டுக்குள் குடிசை போட்டு வாழ நேர்ந்தது.

பிறகு சொத்து கரைந்தது. குடும்பம் ஊர் ஊராகத் தீர்த்த யாத்திரை கிளம்பியது. மலையில் இருந்து இறங்கும்போது ஆறு மாதக் குழந்தையான ரமாபாயை ஒரு பிரம்புப் பெட்டியில் வைத்துச் சுமந்து வந்தார்கள். சொந்த ஊர் என்று ஒன்று இல்லாமலே அவர் வளர்ந்தார். கோவில் மண்டபங்களில் புராணம் வாசிப்பதும், கேட்டவர்கள் கொடுக்கும் தட்சிணையில் சாப்பிடுவதும்தான் குடும்பத்தின் பிழைப்பு. தாயாரிடம் பாடம் கேட்டு, ஆயிரக்கணக்கான சுலோகங்களை ரமாபாய் மனப்பாடம் செய்தார்.

தாது வருஷப் பஞ்சம்

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1876, 77-ம் ஆண்டுகளில் அது உச்சத்துக்குப் போனது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வறட்சியும் விலைவாசியும் தலைகாட்டிவிட்டன என்று ரமாபாய் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் பஞ்சத்தில் அவருடைய குடும்பம் சிக்கிக்கொண்டது.

நகை போயிற்று. பாத்திரம் போயிற்று. கூலி வேலை செய்து பழக்கம் இல்லை; பிச்சை கேட்கவோ வாய் வரவில்லை. கடைசிப் பிடி அரிசியும் தீர்ந்த அன்று, சாவதானால் காட்டில் சாவோம் என்று எல்லோரும் காட்டுக்குள் போனார்கள். பதினொரு நாள் இரவும் பகலும் தண்ணீர், இலை, கொஞ்சம் காட்டு ஈச்சம்பழம் இவைதான் ஆகாரம்.

1874-ம் ஆண்டு தகப்பனார் இறந்தார். சில வாரங்களில் தாயார் படுத்துவிட்டார். ஜன்னியில் "சாப்பாடு, சாப்பாடு" என்று முனகிய தாய்க்காக, பக்கத்து வீட்டு வாசலில் ரமாபாய் போய் நின்றார். கேட்க நா எழவில்லை. கண்ணீரைப் பார்த்த அந்த வீட்டு அம்மாள் கம்பு ரொட்டி கொடுத்தார். அதைத் தின்னவும் தாய்க்குத் தெம்பு இல்லை.

பாடை தூக்க ஆள் கிடைக்கவில்லை. அண்ணனோடு சேர்ந்து ரமாபாயும் பாடைக்குத் தோள் கொடுத்தார். உயரம் போதாததால் தன் பக்கத்தைத் தலையில் வைத்துச் சுமந்தார். அப்போது அவருக்கு வயது 16. பிறகு அக்காளும் போய்விட்டார்.

குழி தோண்டிப் படுத்தவர்கள்

மிஞ்சியவர்கள் அண்ணன் சீனிவாசனும் ரமாபாயும்தான். இருவரும் பெரும்பாலும் கால்நடையாகவே வடக்கே போனார்கள். ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்கவில்லை. போர்த்திக்கொள்ளத் துணியும் இல்லை. மணலில் குழி தோண்டி, கழுத்து வரை மண்ணை மூடிக்கொண்டு ராத்திரியைக் கழித்தார்கள்.

1878-ம் ஆண்டு இருவரும் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பெண் சமஸ்கிருதத்தில் சரளமாகப் பேசுவதைக் கேட்டு அங்கிருந்த அறிஞர்கள் அசந்து போனார்கள். "பண்டிதா", "சரஸ்வதி" என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். ஆனால் 1880-ல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு விபின் பிகாரி என்ற வங்காள வக்கீலை ரமாபாய் மணந்தார். மனோரமா என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1882-ல் காலரா கண்டு கணவரும் இறந்தார்.

அப்போது ரமாபாய்க்கு 23 வயது. கையில் பத்து மாதக் குழந்தை. அன்றைய வழக்கப்படி இளம் விதவைக்கு உலகம் ஒரு மூலையைத்தான் ஒதுக்கியிருந்தது.

கிணற்றடியில் ஒரு பெண்

ரமாபாய் அந்த மூலையில் உட்காரவில்லை. பூனாவுக்கு வந்து பெண்களுக்காகச் சங்கம் தொடங்கினார். 1883-ல் டாக்டருக்குப் படிக்கலாம் என்று இங்கிலாந்து போனார். அங்கேயும் ஒரு இடி. காது கேட்பது நாளுக்கு நாள் குறைந்தது. டாக்டர் படிப்பு கைநழுவியது.

அந்த நாட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு விடுதியை அவர் போய்ப் பார்த்தார். வழி தவறியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்கள் அங்கே இருந்தார்கள். அவர்களைக் கன்னியாஸ்திரீகள் அன்போடு கவனித்தார்கள். இந்தப் பெண்கள் மீது உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ரமாபாய் கேட்டார்.

பதிலாக ஒரு கன்னியாஸ்திரீ பைபிளைத் திறந்து, யோவான் எழுதிய சுவிசேஷத்தில் 4-ம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். நடுப்பகலில் தனியாகக் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசும் இடம் அது. அவள் யார், அவள் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதெல்லாம் இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் அவளிடம் தண்ணீர் கேட்கிறார். சமமாக உட்கார்ந்து பேசுகிறார்.

விதவை, அனாதை என்ற பட்டங்களைச் சுமந்துகொண்டிருந்த ரமாபாயின் மனதை அந்தக் கதை தொட்டது. 1883 செப்டம்பர் 29-ந் தேதி அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

இரண்டு பக்கமும் அடி

ஞானஸ்நானம் பெற்றதும் கஷ்டம் தீர்ந்துவிட்டதா? இல்லை. புதுக் கஷ்டம்தான் வந்தது.

மதம் மாறிவிட்டார் என்று சொந்த மண்ணில் பலர் முகம் திருப்பினார்கள். இங்கிலாந்திலோ, சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ளாமல் எதிர்க் கேள்வி கேட்கிறார், இவருக்குக் கர்வம் என்று மிஷன் பெரியவர்கள் குறை சொன்னார்கள். ரமாபாய் இரண்டு பக்கத்துக்கும் பணியவில்லை. இந்திய உடையை விடவில்லை. சைவச் சாப்பாட்டையும் விடவில்லை.

அமெரிக்கா சென்று இந்திய விதவைகளின் நிலையை எடுத்துச் சொல்லி உதவி திரட்டினார். 1889-ல் பம்பாயில் "சாரதா சதன்" என்ற பள்ளியைத் திறந்தார். மறு ஆண்டு அது பூனாவுக்கு மாறியது. அங்கே முதல் முதலாகச் சேர்ந்த விதவைப் பெண்தான், பின்னாளில் மகரிஷி கார்வேயை மறுமணம் செய்துகொண்டவர்.

ஆனால் 1893-ல் புயல் கிளம்பியது. மத போதனை கிடையாது என்று சொல்லிவிட்டு மாணவிகளைக் கிறிஸ்தவர்களாக்குகிறார் என்று திலகரின் பத்திரிகை கண்டித்தது. ஆலோசனைக் குழுவில் இருந்த ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் விலகினார்கள். பல பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். தான் யாரையும் வற்புறுத்தவில்லை, ஜெபிக்கும்போது தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியாது என்பதுதான் ரமாபாயின் நிலை. அவர் செய்தது சரியா தவறா என்ற வாதம் இன்றும் உண்டு. பாதி காலியான பள்ளியை மூடாமல் அவர் நடத்தினார் என்பதில் வாதம் இல்லை.

மீண்டும் பஞ்சம்

1896-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தது. செய்தியைக் கேட்ட ரமாபாய்க்குப் பழைய காடும், இலை தின்ற நாட்களும், தாயின் முனகலும் திரும்பி வந்தன. தன் பசியின் நினைவுதான் தன்னை வீட்டில் உட்கார விடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

கிளம்பினார். பஞ்ச நிவாரண முகாம்களில் எலும்பும் தோலுமாகக் கிடந்த பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். ஒருவர் இருவர் அல்ல, நூற்றுக்கணக்கில்! அந்தச் சமயம் பூனாவில் பிளேக் நோய். புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்று அதிகாரிகள் தடை போட்டார்கள்.

என்ன செய்வது? பள்ளிச் செலவுக்கு வருமானம் வரட்டும் என்று பழத்தோட்டம் போடுவதற்காக, கேட்காவில் அவர் நிலம் வாங்கி வைத்திருந்தார். அங்கே கூடாரமும் கீற்றுக் கொட்டகையும் போட்டு எல்லோரையும் தங்க வைத்தார். "முக்தி" என்று அந்த இடத்துக்குப் பெயர் வந்தது.

1900-ல் குஜராத்தில் பஞ்சம். அங்கிருந்தும் பெண்கள் வந்தார்கள். முக்தியில் இருந்தவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. கிணறு வெட்டினார்கள். மாடு வளர்த்தார்கள். தறி, எண்ணெய்ச் செக்கு, அச்சகம், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. பார்வை இல்லாதவர்கள் பிரெய்ல் எழுத்து படித்தார்கள். உட்கார வைத்துச் சோறு போடும் சத்திரமாக அது இருக்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தொழில் கற்றார்கள். தேறியவர்கள் அடுத்து வந்தவர்களைக் கவனித்தார்கள்.

கடைசி வரை

அதிகம் படிக்காத பெண்களுக்கும் புரிய வேண்டும் என்று, எளிய மராத்தியில் பைபிளை மொழிபெயர்க்க ரமாபாய் உட்கார்ந்தார். அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். பல ஆண்டு உழைப்பு. அச்சுக் கோத்தவர்கள் முக்தியில் வளர்ந்த பெண்களே.

வேலை முடியும் தறுவாயில் மறுபடியும் அடி விழுந்தது. வலது கையாக இருந்த மகள் மனோரமா 1921 ஜூலையில் இறந்தார். 16 வயதில் பெற்றோர், 22-ல் அண்ணன், 23-ல் கணவர், 63-ல் ஒரே மகள். உடம்பும் தளர்ந்துவிட்டது, காதும் கேட்பதில்லை. ஆனாலும் மொழிபெயர்ப்பை முடித்தார். 1922 ஏப்ரல் 5-ந் தேதி கண் மூடினார். புத்தகம் 1924-ல் வெளிவந்தது. 1989-ல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. முக்தி இன்றும் நடக்கிறது.

ஆறுதல் எங்கே?

கஷ்டம் வந்தால் "எல்லாம் சரியாகிவிடும்" என்று நாம் சொல்கிறோம். ரமாபாய்க்கு எதுவும் சரியாகவில்லை. இறந்தவர்கள் திரும்பவில்லை. போன காது திரும்பவில்லை. கடவுளை நம்பினால் துக்கம் வராது என்று அவருடைய வாழ்க்கை சொல்லவில்லை.

அவருடைய நம்பிக்கை வேறு விதமானது. கிணற்றடியில் தனியாக நின்ற பெண்ணைத் தேடி வந்தவர் தன்னையும் தேடி வந்தார் என்று அவர் நம்பினார். அப்படித் தேடப்பட்டவள், அடுத்தவரைத் தேடிப் போகாமல் இருக்க முடியாது என்றும் நம்பினார். அன்று பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்த ஒரு கம்பு ரொட்டி தாயின் பசிக்கு உதவவில்லை. ஆனால் வாய் திறந்து கேட்க முடியாதவர்களின் கண்ணைப் பார்த்தே பசியை அறிய, அது ரமாபாய்க்குக் கற்றுக்கொடுத்தது.

முக்தியைப் போல ஒன்றைக் கட்ட எல்லோராலும் முடியாது. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேராகத் தங்கியிருக்கும் இடத்திலும், ஊரில் இருந்து கெட்ட செய்தி வந்தவனுக்கு டிக்கெட் பணம் திரட்டிக் கொடுப்பவர் யார்? முன்பு தானும் அதே போல ஒரு ராத்திரியைக் கழித்தவராகவே பெரும்பாலும் இருப்பார். பட்ட துக்கத்தை வீணாக்காதவர் அவர்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, புனே தாண்டியதும் ஜன்னல் ஓரம் பாருங்கள். கேட்காவ் ஒரு நொடியில் கடந்துவிடும். கதவோரம் துண்டை விரித்து ஒருவர் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தால், அவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.