அந்திக்காலத்துக் கலையும் அதற்கு ஆகும் பொருளும்

முதியோருக்கென்று ஓர் இல்லம் அமைக்க முற்படுவோரிடம் செலவுக் கணக்கைக் கேட்டால், உணவு, உறைவிடம், மருந்து, தாதியர் சம்பளம் என்று அடுக்கிச் சொல்வார்களே அன்றி, அங்கே வாழப்போகிறவர்கள் ஒரு பாட்டுக் கட்டவும் ஒரு நாடகம் போடவும் ஆகும் செலவைச் சேர்த்துச் சொல்பவர் அரியர். வயிற்றுக்கும் உடம்புக்கும் வழி செய்துவிட்டால் விருத்தாப்பியத்துக்கு வேண்டியதெல்லாம் ஆயிற்று என்னும் எண்ணம் உலகமெங்கும் வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் 65 வயது நிரம்பியோருக்கு அரசாங்கம் நடத்தும் மெடிகேர் காப்பீடும் ஆஸ்பத்திரிச் செலவைத் தருமே ஒழிய, ஓர் ஓவிய வாத்தியாரின் சம்பளத்தைத் தராது. ஆகவே இந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அந்நாட்டுச் சினிமாத் தொழிலாளர்கள் கண்ட விடை ஆராயத்தக்கது.

ஹாலிவுட்டில் படங்கள் ஊமையாக இருந்த காலத்திலேயே, நேற்றுவரை விளக்கொளியில் நின்றவர் இன்று வீட்டு வாடகைக்கு வழியின்றித் தவிக்கும் காட்சி அபூர்வமாக இருக்கவில்லை. மேரி பிக்போர்டு, சார்லி சாப்ளின், டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ், டைரக்டர் கிரிபித் முதலியோர் கூடி 1921-ஆம் ஆண்டில் திரைப்பட நிவாரண நிதி ஒன்றை ஸ்தாபித்தார்கள். ஸ்டூடியோக்களில் உண்டியல் வைக்கப்பட்டது. போகிறவர் வருகிறவர் கையிலிருந்த சில்லறையைப் போட்டுச் சென்றார்கள். உண்டியலின் சுபாவம் நமக்குப் புதிதன்று. திருவிழாவில் நிரம்பும், மற்ற நாட்களில் அடியில் நாலு காசு கிடக்கும். பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோர் தொகை பெருகிய 1932-இல், வாரம் 200 டாலருக்கு மேல் ஊதியம் பெறுவோர் அதில் அரைச் சதவீதத்தைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள மனமுவந்து இசையும் ஏற்பாடு வந்தது. 400 டாலர் வாங்கும் ஒருவர் கொடுப்பது இரண்டு டாலர். 5,000 டாலர் வாங்கும் நட்சத்திரம் கொடுப்பது 25 டாலர். கொடுப்பவருக்கு வலிக்காத தொகைதான். ஆனால் சம்பளம் உள்ளவரை தவறாமல் வருவது. இந்தத் தவறாமையே அதன் முழுச் சிறப்பும் என்பது என் துணிபு. எண்பது வயதில் தயக்கத்தை விட்டு மேடையேறத் துணிந்த ஒருவரிடம், நன்கொடை வற்றிவிட்டது, நாளை முதல் வகுப்பு இல்லை என்று சொல்ல நேர்வது, வகுப்பைத் தொடங்காமலே இருந்துவிடுவதைக் காட்டிலும் கொடியதன்றோ?

டென்மார்க்கில் பிறந்த நடிகர் ஜீன் ஹெர்ஷோல்ட் நிதியின் தலைவராக இருந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒரு பகுதியான உட்லண்ட் ஹில்ஸில், ஆரஞ்சு மரங்களும் வால்நட் மரங்களும் நின்ற தோட்ட நிலம் 48 ஏக்கர் வாங்கப்பட்டு, 1942-இல் முதியோர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதற்குப் பொருள் சேர்த்த விதம் ரசமானது. 1939 முதல் ரேடியோவில் 'ஸ்கிரீன் கில்ட்' நாடகங்கள் வாரந்தோறும் ஒலிபரப்பாயின. பெரிய நட்சத்திரங்கள் சல்லிக்காசு வாங்காமல் நடித்தார்கள். விளம்பரம் செய்த கம்பெனி அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணம் நிதிக்குச் சென்றது.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது இன்னோர் இல்லம். இத்தாலியின் மிலான் நகரில் இசைமேதை வெர்தி, வறுமையுற்ற இசைவாணர்களுக்காகத் தம் சொந்தப் பொருளில் கட்டிய இல்லம், அவர் மறைந்த மறு ஆண்டான 1902-இல் திறக்கப்பட்டது. தம் இசை நாடகங்களுக்கு வரும் உரிமைத்தொகையை அவர் அதற்கே எழுதி வைத்தார். அதனினும் உயர்ந்த தர்மம் அரிது. ஆயினும் காப்புரிமைக்குச் சட்டம் விதித்த காலம் 1960-களின் தொடக்கத்தில் முடிந்தபோது அந்த வருவாயும் நின்றது. பிறருடைய நன்கொடையை நாட வேண்டியதாயிற்று. ஒரு மகானின் கொடை எவ்வளவு பெரிதாயினும் அதற்கு முடிவு உண்டு. தொழில் நடக்கும்வரை பல கைகள் இடும் சிறுகொடைக்கு அந்த முடிவு இல்லை.

உட்லண்ட் ஹில்ஸ் இல்லத்தின் உள்ளே 'சானல் 22' என்றொரு டெலிவிஷன் நிலையம் நடைபெறுகிறது. அதன் நிகழ்ச்சிகளை உருவாக்குவோர் அங்கே குடியிருக்கும் முதியோர்களே. கதை எழுதினவர் கதை எழுதுகிறார்; நடித்தவர் நடிக்கிறார்; பிலிம் சுருளைக் கத்தரித்து ஒட்டிப் பழகிய எடிட்டருக்குப் பக்கத்தில், பேரன் வயதுள்ள ஒரு தொண்டர் அமர்ந்து கம்ப்யூட்டரில் அதே வேலையைச் செய்யும் முறையைக் காட்டிக்கொடுக்கிறார்; எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை பெரியவரிடம் கற்றுக்கொள்கிறது. பெரும்பாலான முதியோர் இல்லங்களில் கலை என்பது வெளியார் வந்து பாட, உள்ளிருப்போர் நாற்காலியில் சாய்ந்து கைதட்டுவதாகவே நின்றுவிடுகிறது. அதுவும் நல்லதே, ஆனால் கேட்பவராக இருப்பது வேறு, செய்பவராக இருப்பது வேறு. ஜீன் கோஹன் என்னும் மனநல வைத்தியர் 2001-இல் தொடங்கி, வாஷிங்டன், புரூக்ளின், சான் பிரான்சிஸ்கோ ஆகிய இடங்களில் சுமார் 300 முதியோரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியில், கலைஞர்களிடம் பாடம் கேட்டுத் தாமே பாடியும் எழுதியும் தீட்டியும் வந்தவர்கள், அவ்வாறு செய்யாதவர்களைவிட டாக்டரிடம் குறைவாகவே சென்றார்கள். குறைவாகவே கீழே விழுந்தார்கள். மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

எனினும் உட்லண்ட் ஹில்ஸ் ஸ்தாபனமும் சோதனைக்குத் தப்பவில்லை. ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் நஷ்டமாகிறது என்று கூறி, 2009-இல் நீண்டகாலப் பராமரிப்புப் பகுதியையும் ஆஸ்பத்திரியையும் மூட நிர்வாகம் முடிவு செய்தது. குடியிருப்போரின் குடும்பத்தார் பலமாக எதிர்த்தார்கள். சில ஆண்டுகளில் அம்முடிவு மாற்றப்பட்டது. வைத்தியச் செலவு பொங்கும்போது முதலில் வெட்டப்படுவது எங்கும் கலைச் செலவுதான். ஆகையால் அதற்கென்று தொகையைத் தனியே ஒதுக்கி, நெருக்கடி வந்தாலும் எடுக்கக் கூடாது என்று சாசனத்திலேயே எழுதி வைப்பது விவேகம் என்று எண்ணுகிறேன்.

இல்லத்தின் மதிலுக்கு வெளியே, தம் தம் வீட்டில் தனியே வாழும் பழைய சினிமாக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக 'டெய்லி கால்ஷீட்' என்ற பெயரில் ஒரு தொலைபேசித் தொண்டு நடக்கிறது. அதே தொழிலைச் சேர்ந்த தொண்டர் ஒருவர் குறித்த நேரத்தில் கூப்பிட்டு, நலம் விசாரித்து, பழைய படப்பிடிப்புகளைப் பற்றியும் பேசுகிறார். தொண்டர்கள் ஊதியம் கேட்பதில்லை. ஆயினும் யாரை யாருடன் சேர்ப்பது என்று ஆராய்ந்து இணைக்கவும், பேசப் போகிறவருக்குப் பயிற்சி தரவும், அழைப்புக்குப் பதில் வராத அன்று என்ன ஆயிற்று என்று விசாரிக்கவும் மாதச் சம்பளம் வாங்கும் சிலர் வேண்டும். கட்டடத்துக்குத் தம் பெயரைச் சூட்டுவதென்றால் பொருள் தரும் செல்வர் எந்த ஊரிலும் கிடைப்பர். இந்த உத்தியோகஸ்தரின் சம்பளத்தில் பெயர் பொறிக்க இடமில்லை. அரைச் சதவீதமாக வந்து பொதுவில் சேரும் பணத்துக்கு அந்த இடம் வேண்டியதில்லை.