காளான் கோழியும் தண்ணீர்க் கணக்கும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டாம்பா என்றொரு நகரம். 1988-இல் அங்கே 'அவுட்பேக் ஸ்டேக்ஹவுஸ்' என்ற உணவகம் தொடங்கியது. கடை அமெரிக்கக் கடைதான். ஆனால் அலங்காரமும் பெயர்களும் ஆஸ்திரேலியப் பாணி. அங்கே பேர்பெற்ற ஒரு பதார்த்தத்துக்கு, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் வறண்ட செம்மண் பூமியில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரின் பெயரை வைத்தார்கள். அதுதான் 'ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சிக்கன்'. சுட்ட கோழி நெஞ்சுக்கறி, அதன்மேல் வதக்கிய காளான், உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறியான பேக்கன், எல்லாவற்றையும் மூடி உருகி வழியும் சீஸ். கூடவே தேனும் கடுகும் கலந்த சாஸ்.

இதை வீட்டில் அப்படியே செய்து பார்க்க ஆசைப்படும் அமெரிக்கர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கும் ஒரே மாதிரிதான் ஏமாற்றம். கோழி நார்நாராக வறண்டுபோகும். காளான் தண்ணீர் விட்டுக்கொண்டு கொழகொழவென்று கிடக்கும். சீஸ் திரிந்து எண்ணெய் மிதக்கும். கடையில் ஏதோ ரகசியப் பொடி போடுகிறார்கள் என்று தோன்றும். பொடியைத் தேட வேண்டாம், தண்ணீரைக் கவனியுங்கள். கோழியில் தண்ணீர் உள்ளேயே நிற்க வேண்டும். காளானிலிருந்து அது வெளியேற வேண்டும். சீஸிலோ கொழுப்பையும் புரதத்தையும் விட்டுப் பிரியாமல் இருக்க வேண்டும். ஒரே தட்டில் மூன்று விதமான தண்ணீர்க் கணக்கு!

காளானிலிருந்து தொடங்குவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

டப்பாவில் வெள்ளை வெளேரென்று வரும் பட்டன் காளானைக் காய்கறிகளோடு வைத்து விற்கிறார்கள். அது காயும் இல்லை, செடியும் இல்லை. அது பூஞ்சை. உயிரினங்களின் வம்சாவளியில் பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். காளானின் செல் சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. நண்டின் ஓட்டிலும் கரப்பான்பூச்சியின் மேலோட்டிலும் இருப்பது அதே கைட்டின்தான். கத்திரிக்காய் வெந்ததும் குழைந்துவிடுகிறதே, ஏன்? அதன் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் சூட்டில் கரைந்துவிடுவதால். கைட்டினோ சமையல் சூட்டுக்கு அசைந்து கொடுக்காது. அதனால் காளானைப் பத்து நிமிடம் வதக்கினாலும் அரை மணி நேரம் வதக்கினாலும் கூழாகிவிடாது. பல்லுக்குப் பதமாகவே இருக்கும். ஆகவே காளான் விஷயத்தில் அவசரமே வேண்டாம்.

ஒரு காளானை நெடுக்காக வெட்டி, லென்ஸ் வைத்து உள்ளே பாருங்கள். மெல்லிய இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். இழைகளுக்கு நடுவே நிறையக் காற்று. இழைகளுக்குள்ளே தண்ணீர். எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். 200 கிராம் டப்பா வாங்கினால் அதில் 180 கிராமுக்குக் குறையாமல் தண்ணீர் வாங்கியிருக்கிறோம்.

இந்தத் தண்ணீரை விரட்ட எவ்வளவு வெப்பம் வேண்டும்? ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். ஆனால் 100 டிகிரியில் கொதிக்கும் ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக மாற்ற சுமார் 2,260 ஜூல் வேண்டும். இதுதான் உள்ளுறை வெப்பம். இப்போது கணக்குப் போடுங்கள். 180 கிராம் தண்ணீரை முழுக்க ஆவியாக்க 4 லட்சம் ஜூலுக்கு மேல் ஆகும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 3 லட்சம் ஜூல்கூட ஆகாது. ஒரு சின்ன டப்பா காளானை உலர வைப்பது, பெரிய பாத்திரம் நிறையக் காப்பிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பதைவிடப் பெரிய வேலை!

உணவகத்து அடுப்பு பெரியது, தீ மூர்க்கமாக எரியும். அங்கே தண்ணீர் வெளியே வரவர ஆவியாகிவிடும். வீட்டு அடுப்பில், சின்ன வாணலியில், மொத்தக் காளானையும் ஒரே நேரத்தில் கொட்டினால் தண்ணீர் வரும் வேகத்துக்கு அடுப்பு ஈடுகொடுக்காது. காளான் தன் தண்ணீரிலேயே வேகத் தொடங்கும். தண்ணீர் தேங்கி நிற்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாவிட்டால் என்ன நஷ்டம்?

மணமே வராது. 1912-இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அமினோ அமிலங்களையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கி, அவை பழுப்பாக மாறுவதை விவரித்தார். அந்த வினைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மயார் வினை சமையலில் நன்றாக வேகம் பிடிப்பது சுமார் 140 டிகிரியில். முறுகல் தோசையின் ஓரம், பரோட்டாவின் பழுப்புப் புள்ளிகள், வறுத்த காப்பிக்கொட்டை எல்லாவற்றிலும் நாம் முகர்வது அதன் கைவண்ணத்தை. நூற்றுக்கணக்கான புதுப் பொருள்கள் அப்போது பிறக்கின்றன. ஈரம் போனால்தான் 140 டிகிரிக்குப் போக முடியும்.

அதனால் அகலமான தோசைக்கல் அல்லது வாணலியை எடுங்கள். தடிமனான துண்டுகளாக நறுக்கிய காளானை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். முதலில் எண்ணெய் வேண்டாம். காற்று நிறைந்த அந்த இழைகள் எண்ணெயை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். சற்று நேரத்தில் தண்ணீர் கசிந்து சளசளவென்று கொதிக்கும், துண்டுகள் சுருங்கும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றியதும் அந்தச் சளசளப்பு அடங்கிவிடும். அப்போது வெண்ணெயோ எண்ணெயோ விட்டால் 'சுர்ர்' என்று வறுபடும் சத்தம் கேட்கும். மயார் வினை தொடங்கப்போகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். (மழைக்குப் பின் வேலியோரம் முளைக்கும் காளானைப் பறித்து வந்து இதைச் செய்யவே கூடாது. உயிரைப் பறிக்கும் நச்சுக் காளான்கள் பார்வைக்கு நல்ல காளான் போலவே இருக்கும். கடையில் வாங்கியது மட்டுமே.)

அடுத்து கோழி. இங்கே கணக்குத் தலைகீழ்.

நெஞ்சுக்கறி என்பது கோழி சிறகடிக்கப் பயன்படுத்தும் தசை. நம் பண்ணைக் கோழிகள் பறப்பதே அபூர்வம். எப்போதாவது ஒருமுறை படபடவென்று அடித்துவிட்டு ஓய்ந்துவிடும் தசை என்பதால் அதில் ஆக்சிஜனைச் சேமிக்கும் சிவப்பு நிறமி குறைவு, கொழுப்பும் குறைவு. அதனால்தான் தொடைக்கறியைவிட வெளுப்பாக இருக்கிறது, சீக்கிரம் வறண்டும் போகிறது. பச்சைக் கறியின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். 50 டிகிரியைத் தாண்டும்போது மயோசின் என்ற தசைப் புரதம் இறுகத் தொடங்குகிறது. 60-ஐத் தாண்டியதும் தசை நார்களைச் சுற்றியிருக்கும் கொலாஜன் உறை சுருங்குகிறது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வருகிறது. சூடு ஏற ஏறப் பிழிசல் கூடும்.

சரி, சூட்டைக் குறைத்துவிடலாமா? முடியாது. பச்சைக் கோழியில் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கலாம். கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால்தான் பயமில்லாமல் சாப்பிடலாம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. கறிக்குள் குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி இருந்தால் 74-ஐக் காட்டியதும் அடுப்பை அணைத்துவிடலாம். அதற்கு மேல் வேகவிடும் ஒவ்வொரு நிமிடமும் கறி வறளும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், நெஞ்சுக்கறி ஒரு முனையில் தடிமன், மறுமுனையில் மெலிசு. தடித்த பக்கம் வேகக் காத்திருந்தால் மெலிந்த பக்கம் நாராகிவிடும். தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி சூடேறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் கறியை ஒரு பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் வைத்து, சப்பாத்திக் கட்டையால் தட்டிச் சீராக ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவருவது மிக நல்ல யோசனை. பிறகு உப்பைத் தடவி அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். உப்பு மெல்ல உள்ளே போய் மயோசின் இழைகளைத் தளர்த்துகிறது. தளர்ந்த இழைகள் சூட்டில் அவ்வளவாகச் சுருங்காது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நம் வீடுகளில் கோழியை மஞ்சள் போட்டு அலசுவது வழக்கம். குழாயைப் பெரிதாகத் திறந்து அதன் அடியில் பிடித்தால் பாக்டீரியா கலந்த துளிகள் பக்கத்திலிருக்கும் தட்டு, டம்ளர், சாலட் வெள்ளரி எல்லாவற்றிலும் தெறிக்கும். அலசித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு பாத்திரத்துக்குள் மெதுவாக அலசுங்கள், பிறகு கையையும் தொட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முக்கியமாக, கறியின் மேற்பரப்பைத் துடைத்து ஈரம் போக்குங்கள். உள்ளே ஈரம் வேண்டும், மேலே வேண்டாம். மேலே இருந்தால் அங்கும் மயார் வினை தாமதமாகும். அடுப்பருகே நிற்கும் வேலையெல்லாம் அம்மா, அப்பா போன்ற பெரியவர்கள் துணையோடுதான், சரியா?

இப்போது சீஸ். பன்னீரும் சீஸும் பாலில் பிறந்தவைதான். ஆனால் சூடான தோசைக்கல்லில் ஒரு துண்டு பன்னீரையும் ஒரு துண்டு மொசரெல்லாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று நிமிர்ந்து நிற்கும், ஒன்று படுத்துவிடும். பாலில் கேசீன் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைக்குள் புரதங்களைக் கால்சியம் ஒட்டி வைத்திருக்கிறது. மொசரெல்லா, செடார் போன்றவற்றில் ரென்னட் என்ற நொதியைச் சேர்த்துப் பாலை உறைய வைப்பார்கள். கால்சியம் பெருமளவு அப்படியே இருக்கும். சூடுபடுத்தினால் முதலில் கொழுப்பு உருகும், பிறகு 60 டிகிரியை ஒட்டிப் புரத வலை தளர்ந்து வழியத் தொடங்கும். பன்னீருக்குக் கொதிக்கும் பாலில் எலுமிச்சைச்சாறு விடுகிறோம். அமிலம் கால்சியத்தைக் கரைத்துவிடுகிறது. புரதங்கள் நேரடியாக ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. சூடேற ஏறத் தண்ணீரை விட்டு மேலும் இறுகுமே தவிர, உருகாது.

உருகும் சீஸையும் கெடுத்துவிட முடியும். சூடு அதிகமானால் புரத வலை சுருங்கி, தண்ணீரையும் கொழுப்பையும் வெளியே தள்ளிவிடும். மேலே மிதக்கும் எண்ணெய் அதுதான். பல நாள் முதிர்ந்த செடாரில் இது சுலபமாக நடக்கும். 1911-இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் இருவரும் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். அது கால்சியத்தைக் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு, புரதத்தைத் தண்ணீரோடும் கொழுப்போடும் சமாதானமாக இருக்கச் செய்கிறது. கடையில் கிடைக்கும் சீஸ் ஸ்லைஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் 331 என்ற எண் இருக்கும். அது இந்த உப்புதான்.

அமெரிக்கக் கடையில் கலிபோர்னியாவின் மாண்டரே ஜாக் சீஸும் செடாரும் கலந்து போடுகிறார்கள். நமக்கு மொசரெல்லாவும் செடாரும் போதும். மொசரெல்லா நூலாக இழுபடும், செடார் சுவை தரும். துருவி வையுங்கள். கோழி பொன்னிறமாகி முக்கால் பதம் வெந்ததும் அதன்மேல் காளானைப் பரப்பி, அதன்மேல் சீஸைத் தூவுங்கள். உணவகத்தில் மேலிருந்து அனல் வீசும் அடுப்புக்கடியில் தட்டைத் தள்ளுவார்கள். நம்மிடம் அது இல்லாவிட்டால் தீயைக் குறைத்து, வாணலியின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு மூடிவிடுங்கள். தண்ணீர் ஆவியாகி, சீஸின் மேல் மீண்டும் நீராகப் படியும். படியும்போது ஒவ்வொரு கிராமும் அந்த 2,260 ஜூலைத் திருப்பிக் கொடுக்கும். காளானிடம் நாம் செலவழித்த அதே உள்ளுறை வெப்பம் இங்கே நமக்காக உழைக்கிறது!

தேன் கடுகு சாஸைப் பற்றி ஒரு வார்த்தை. தாளிக்கும் கடுகு ஏன் நாக்கில் சுரீரென்று ஏறுவதில்லை? கடுகின் செல்களில் உறைப்புக்கான மூலப்பொருள் ஓரிடத்திலும், அதை உறைப்பாக மாற்றும் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. நசுக்கி ஈரம் பட்டால்தான் இரண்டும் சந்திக்கும். காய்ந்த எண்ணெயில் முழுக்கடுகைப் போட்டால் சந்திப்பதற்குள் நொதி செயலிழந்துவிடும். ஆகவே சாஸுக்குக் கடுகை அரைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, கோழி, காளான், சீஸ் மூன்றும் ஏன் ஒன்றாகச் சேர்ந்தால் இப்படி ருசிக்கின்றன? 1908-இல் டோக்கியோவில் கிகுனே இக்கேதா, கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913-இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கோடாமா, உலர்த்திய மீனில் இனோசினேட்டைக் கண்டார். 1957-இல் அகிரா குனினாகா, ஷிடாகே காளானில் இருக்கும் குவானிலேட்டும் உமாமி தருவதைக் காட்டினார். அதோடு இன்னொன்றையும் கண்டுபிடித்தார். இவற்றைக் குளூட்டமேட்டோடு சேர்த்தால் சுவை கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது. நாக்கில் இருக்கும் உமாமி ஏற்பியின் அமைப்பு பூச்சிகளைப் பிடிக்கும் வீனஸ் செடியின் இலையை ஒத்தது. குளூட்டமேட் உள்ளே போய் அமர்ந்ததும் அது மூடிக்கொள்ளும். இனோசினேட் வாசலில் ஒட்டி, அது சீக்கிரம் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். முதிர்ந்த சீஸில் குளூட்டமேட் ஏராளம். கோழியில் இனோசினேட். காளானில் குளூட்டமேட்டும் உண்டு, குவானிலேட்டும் உண்டு.

நாக்கை வைத்தே இதைச் சோதிக்கலாம். வறுத்த காளான் ஒரு துண்டு மட்டும் மெல்லுங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, சீஸ் மட்டும். மறுபடி கொப்பளித்துவிட்டு, இரண்டையும் சேர்த்து. கோழி சாப்பிடும் வீடு என்றால் நான்காவதாக அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழுங்கிய பிறகு சுவை நாக்கில் எத்தனை நொடி நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். காளானிலும் கோழியிலும் உப்பை மிதமாகப் போடுங்கள். சீஸில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, அது தூக்கலானால் எது உப்பின் வேலை, எது உமாமியின் வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது.