என்ஜாய் எஞ்சாமி: 40 கோடி பார்வைகளைத் தாண்டிய பாட்டு... சர்ச்சை ஆனது ஏன்?

கல்யாண வீடு, காலேஜ் விழா, ஆட்டோ ஸ்பீக்கர்னு 2021-ல் எங்க திரும்பினாலும் கேட்ட பாட்டு ‘என்ஜாய் எஞ்சாமி’. ஆட வைத்த இந்தப் பாட்டுக்குள் ஒரு கண்ணீர்க் கதை இருக்கு. அதன் பின்னணி என்ன?

எப்போது வந்தது?

2021 மார்ச் 7-ல் ‘மாஜா’ தளத்தில் வெளியானது. எழுதியவர் தெருக்குரல் அறிவு. பாடியது தீ, அறிவு. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். சினிமாவில் இடம்பெறாத தனிப்பாடலான இது, யூடியூபில் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது.

வள்ளியம்மாள் யார்?

அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கணும்னு முடிவானது. காட்டைத் திருத்தித் தோட்டம் ஆக்கியவங்களுக்கு அங்கே ஒரு பிடி மண் இல்லை. அந்த வலியைத்தான் ஒப்பாரியும் நாட்டுப்புற மெட்டும் கலந்து பாட்டாக்கினாங்க.

சர்ச்சை என்ன?

2021 ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவு படம் இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் கேள்வி எழுப்பினார். பிறகு அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினாங்க. அறிவு மேடையில் இல்லை. பாட்டில் தன் உழைப்பு எவ்வளவுன்னு அவர் பதிவிட, அறிவின் பங்கை எப்போதும் சொல்லியே வந்ததாக தீ விளக்கினார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ்.

பணம் வந்ததா?

2024 மார்ச்சில், ‘இதுவரை ஒரு பைசா வரலை’ என்ற பொருளில் சந்தோஷ் வீடியோ வெளியிட்டார். மாஜா நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

சட்டம் என்ன சொல்லுது?

2012 காப்புரிமைத் திருத்தப்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றலாம்.

ஏன் இது முக்கியம்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குக் கோயில் இருக்கு. அவர் திருவெம்பாவை பாடிய இடம் இதுன்னு நம்பிக்கை. ஏட்டில் ஏறிய பாட்டுக்குப் பேர் நிலைச்சது. நாத்து நட்டுக்கிட்டே பாடியவங்க பேர் யாருக்கும் தெரியாது. வள்ளியம்மாள் பேர் பாட்டுக்குள்ளேயே இருக்கு. அவங்க பேரனின் பேரும் அதோடு சேர்ந்து நிலைக்கணும் என்பதே இந்தச் சண்டையின் சாரம்.