உங்களுக்குத் தெரியுமா? நாய்க்கும் அரை டிக்கெட்!

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு வரும் பேருந்துகளில் கர்நாடக அரசுப் பேருந்துகளும் உண்டு. அந்த மாநிலப் போக்குவரத்துக் கழகம் வளர்ப்பு நாய்க்கும் டிக்கெட் கொடுக்கிறது! முன்பு பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். 2022-இல் அது பாதியானது. நல்ல முடிவு. ஜெர்மனி ரயில்களிலும் ஏறக்குறைய இதே கணக்குதான்: கூடையில் அடங்கும் சின்ன நாய்க்கு இலவசம், பெரிய நாய்க்குப் பாதிக் கட்டணம், கழுத்தில் வார், வாயில் மூடி கட்டாயம்.

நம் ரயில்களிலோ, ஏசி முதல் வகுப்பில் இரண்டு அல்லது நான்கு படுக்கை உள்ள அறையை முழுதாகப் பிடித்தால்தான் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகுமா? மற்றபடி கார்டு பெட்டியிலுள்ள கூண்டுதான். கோடையில் அனுப்புகிறவர்கள், வண்டி நிற்கும் பெரிய நிலையங்களில் இறங்கிப்போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வாருங்கள்.