பகல் வெயிலும் இரவு விளக்கும்
வீட்டுச் சேமக்கலம் பற்றிய ஒரு கணக்கு

திருவனந்தபுரத்தின் புறநகர்களான ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, நேமம் முதலிய இடங்களில் வீட்டு மாடிகளின்மேல் சூரியப் பலகைகளை இப்பொழுது சாதாரணமாகக் காணலாம். ஆனால் ஜூன் மாதக் காற்றில் தென்னை மட்டையொன்று மின்கம்பியின்மேல் விழுந்து மின்சாரம் நின்றால், இவ்வீடுகளிற் பெரும்பாலானவற்றில் மின்விசிறியும் நின்றுவிடுகின்றது. மழை ஓய்ந்து வெயில் அடித்தாலும் நிலைமை மாறுவதில்லை. "கூரையில் வெயில் இருக்க, வீட்டில் மின்சாரம் இல்லாதது ஏன்?" என்று வீட்டுக்காரர் வினவுவது இயல்பே.

இது பழுதன்று, வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. பலகை தருவது நேர்மின்சாரம். அதை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர், மின்வாரியக் கம்பியின் அலைவைப் பின்பற்றியே இயங்குகின்றது. கம்பியில் மின்சாரம் நின்ற அக்கணமே அது தன்னை நிறுத்திக்கொள்ளும். அவ்வாறு நில்லாவிடில், அறுந்த கம்பியைச் சீர்செய்யக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிருக்கு வீட்டுக் கூரையிலிருந்தே ஆபத்து நேரும்.

அப்படியாயின் இவ்வீடுகள் பகலில் உண்டாக்கும் மின்சாரத்தை எங்கே சேமிக்கின்றன? எங்கும் இல்லை. மின்வாரியத்திடம் பகலில் கொடுத்து, இரவில் திரும்பப் பெறுகின்றன. மீட்டர் அதனைக் கணக்கிற் கழிக்கின்றது. வீட்டுக்காரருக்கு இது மிக வசதி. மின்வாரியத்துக்கோ நண்பகலில் வந்து சேரும் மின்சாரம் இரவுத் தேவைக்கு உதவுவதில்லை. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையே அது உச்ச நேரமெனக் கணக்கிடுகின்றது. 2024 மே மாதக் கடும் வெப்பத்தில் கேரளத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைக் கடந்ததும் இரவு வேளையில்தான். 2025இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கூரை நிலையங்களுடன் சேமிப்பையும் இணைக்கும் வரைவு விதிகளை வெளியிட்டபோது எழுந்த வாதங்களுக்கெல்லாம் அடிப்படை இதுவே. எனவே சேமக்கலம், அதாவது பாட்டரி, இனி வீட்டுப் பிரச்சினையாகின்றது.

இது கேரளத்துக்கு முற்றிலும் புதிதன்று. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அனெர்ட் ஸ்தாபனம் 2012-13இல் பதினாயிரம் வீடுகளுக்கென வகுத்த திட்டத்தில், ஒரு கிலோவாட் பலகையுடன் பாட்டரியும் சேர்ந்தே இருந்தது. அந்நாளில் வீடுகளில் வழங்கியவை பெரும்பாலும் ஈய-அமிலக் கலங்கள். 1859இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாண்டே கண்ட கலத்தின் வழித்தோன்றல்கள் அவை. விலை குறைவு, பழுது பார்ப்போரும் எங்கும் உண்டு. ஆனால் நமது பருவநிலையில் அவற்றுக்கு ஒரு பகை இருக்கின்றது. ஈயக் கலம் நிரம்பாமல் பல நாள் கிடந்தால் அதன் தகடுகளில் ஈயச் சல்பேட் இறுகிப் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். தெளிந்த நாளில் ஒரு கிலோவாட் பலகை சுமார் நான்கு யூனிட் தரும். இருண்ட ஜூன் நாளில் அது ஒரு யூனிட்டாகவும் சுருங்கலாம். வாரக்கணக்கில் இவ்வாறு அரைப் பட்டினி கிடக்கும் கலம் விரைவில் கெடுகின்றது. பழியோ விற்றவர்மேல் விழுகின்றது!

ஆதலால் எவ்வளவு பெரிய சேமக்கலம் வேண்டும் என்பதைப் பலகையின் அளவு கொண்டு தீர்மானிக்கலாகாது. இரவுத் தேவையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். ஒரு சிறு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பத்து வாட் விளக்குகள் ஐந்து, ஐந்து மணி நேரம்: 250 வாட்-மணி. பழைய எழுபத்தைந்து வாட் விசிறிகள் இரண்டு, பத்து மணி நேரம்: 1,500. குளிர்சாதனப் பெட்டிக்கு இரவில் ஏறக்குறைய 500. தொலைக்காட்சி முதலியவற்றுக்கு 400. ஆகமொத்தம் 2,650, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் மூன்று யூனிட். இனி, விசிறிகளை மட்டும் முப்பது வாட் புதுவகைக்கு மாற்றுவோம். மொத்தம் 1,750 ஆகிவிடுகின்றது. வீணாவதுடன் இரண்டு யூனிட் போதும். மூன்றில் ஒரு பங்கு பாட்டரியை இரண்டு விசிறிகளே மிச்சப்படுத்திவிட்டன. வகுப்பில் மாணவரைக்கொண்டு அவரவர் வீட்டுக்கு இக்கணக்கைப் போடச் செய்யலாம்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயக் கலம் ஒன்றில் 1.8 யூனிட் அடங்கும். ஆயுளைக் கருதிப் பாதியையே எடுப்பது நலம். ஆகவே மூன்று யூனிட்டுக்கு நான்கு கலங்கள் தேவைப்படும். லிதியம் இரும்புப் பாஸ்பேட் கலமோ அரைகுறையாக நிரம்பியிருப்பதால் கெடுவதில்லை. எண்பது சதவீதம் வரை எடுக்கலாம். அமெரிக்காவில் குடினஃப் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது இது. இவ்வகையில் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பெட்டியொன்று நான்கு யூனிட் தரும். ஆனால் ஒரு டன் குளிரூட்டியை இரவு முழுவதும் ஓட்டினால் அந்த நான்கும் விடியுமுன் தீர்ந்துவிடும். (லிதியம் கலம் இந்நகருக்கு அந்நியமன்று: தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் தான் உருவாக்கிய லிதியம்-அயனிக் கலத்தின் தொழில்நுட்பத்தை இந்தியத் தொழிலகங்களுக்கு வழங்க 2018இல் முன்வந்தது. அது வேறு வகை, வேறு பயனுக்கானது.)

எவ்வகைக் கலமானாலும் வெப்பம் ஆகாது. மொட்டைமாடியின்மேல் தகரக் கூரை வேய்ந்து அதனடியில் பாட்டரியை வைக்கும் வழக்கத்தைக் கண்டால் தடுக்க வேண்டும். ஈயக் கலம் நிரம்புகையில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால் காற்றோட்டமும் தேவை. சமையல் எரிவாயு அருகில் இருத்தல் கூடாது. கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும்.

செலவைப் பற்றியும் ஒளிவின்றிக் கூறவேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகின்றது. பாட்டரிக்கு அம்மானியம் இல்லை. மீட்டர்க் கணக்கில் பகல் யூனிட் இரவில் முழுமையாகத் திரும்பக் கிடைக்கும் வீட்டுக்குப் பாட்டரியால் கட்டணம் குறையாது. மின்தடையின்போது விளக்கெரிவதே அதன் ஆதாயம். வீட்டில் நோயாளி மூச்சுக்கருவியுடன் இருப்பாராயின் அது பெரிய ஆதாயமே.

அத்தகைய வீட்டாருக்கு முதலில் சொல்ல வேண்டியது, மாடியிலுள்ள இன்வெர்ட்டர் பாட்டரியை ஏற்கும் வகையா என்று பார்க்கும்படி. ஏற்காததாயின் இருவழியும் இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதன்பின் விளக்கு, விசிறி, மருத்துவக் கருவி ஆகியவற்றை மட்டும் தனி மின்சுற்றாகப் பிரித்துப் பாட்டரியுடன் இணைக்க வேண்டும். மழைக்காலத்தில் வெயில் போதாத நாட்களில் மின்வாரியக் கம்பியிலிருந்தே அது நிரம்புமாறு அமைத்துவிட்டால், ஒரு வாரத்து இருளுக்கென்று பெரும் பாட்டரி வாங்கவேண்டிய அவசியம் நகர்ப்புறத்தில் இல்லை.