காசித்தும்பை: தானே விதைத்துக்கொள்ளும் பூச்செடி

காசித்தும்பை, இந்தியாவையும் மியான்மரையும் தாயகமாகக் கொண்ட பூச்செடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் இம்பேசியன்சு பால்சமினா. ஓராண்டுக்குள் செடி மடிந்துவிடும். ஆயினும் சிந்திய விதைகளிலிருந்து மீண்டும் முளைக்கும். முற்றிய காயைத் தொட்டால் அதன் சுவர்கள் சட்டெனச் சுருண்டு, விதைகள் தெறிக்கும். எனவே பூத்து ஓய்ந்த செடியை உடனே பிடுங்காமல், காய்கள் வெடிக்கும்வரை விட்டுவைக்க வேண்டும்.

மழைக்குப்பின் தோன்றும் நாற்றுகளைக் களை என்று கொத்திவிடுவதாலேயே பல வீடுகளில் இச்செடி மறைந்துபோகிறது. நாற்றின் வித்திலைகள் இரண்டும் வட்டமாக இருக்கும். அடுத்து வரும் இலைகளின் ஓரம் பற்களுடன் காணப்படும். நெருங்கி முளைத்தவற்றைக் கலைத்து, ஒரு சாண் இடைவெளி விடலாம்.

தேனீக்கள் மகரந்தத்தைக் கலப்பதால் அடுத்த தலைமுறையில் நிறம் மாறக்கூடும். விரும்பிய நிறம் நிலைக்க, பிற நிறச் செடிகளைப் பூக்கத் தொடங்கியதுமே அகற்றுவது நல்லது.